ஆணி இல்லாத மேசை

"ஒரு இரும்பு ஆணிகூட அடிக்கப்படாது ஆசாரி. முழுக்க மரமுளைதான். சொல்லிப்புட்டேன்."

பஞ்சம்மாள் இதோடு மூன்றாவது தடவையாகச் சொல்லிவிட்டாள். சங்கையா ஆசாரி உளியைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, தார்ப்பாய் தைக்கிற மேசைதான? ஆணின்னா இன்னைக்கே முடிச்சிருவேன். முளைன்னா துளை போடணும், சீவணும், இறக்கணும். என் முதுகு என்னத்துக்காகும்?"

"உங்க மக உக்காரப்போற மேசை. கொஞ்சம் சிரமப்பட்டாத்தான் என்ன?"

சங்கையா உளியை மறுபடி எடுத்தார். நாரணாபுரத்தில் சும்மா கிடந்த பஞ்சுக் கிட்டங்கியைப் பஞ்சம்மாள் வாடகைக்குப் பிடித்திருந்தாள். லாரிக்குத் தார்ப்பாயும், பட்டாளத்துக்குக் கித்தான் பையும் தைக்க ஆர்டர் வாங்கியிருப்பதாகச் சொன்னாள். மகள் முருகம்மாளுக்கு ஒரு மெஷின் தருவதாக வாக்கு வாங்கிக்கொண்டுதான் சங்கையா வேலையில் இறங்கினார். முருகம்மாளின் தாய் பட்டாசு ஆபீசுக்கு மருந்து அடைக்கும் வேலைக்குப் போனவள், திரும்பி வரவில்லை. மகளை மட்டும் அந்த வேலைக்கு அனுப்புவதில்லை என்று அன்றைக்கே அவர் முடிவு செய்துவிட்டார். ஆனால் ஊரில் வேறு என்ன வேலை இருக்கிறது?

மறுநாள் பஞ்சம்மாள் வாசலில் நின்றுகொண்டு அடுத்த உத்தரவைப் போட்டாள்.

"இந்தக் கதவைக் கழத்தி, வெளிய பாத்துத் திறக்கிற மாதிரி மாட்டுங்க. பின்பக்கமும் ஒரு வாசல் இடிக்கணும். கொத்தனாருக்குச் சொல்லி விட்டுட்டேன். மேசைக்கு மேசை நல்லா இடம் விடுங்க."

"ஒரு ஆளு நடக்கிற மாதிரி விட்டாப் போதும்ல?"

"ரெண்டு ஆளு ஓடுற மாதிரி விடுங்க."

சங்கையாவின் கையில் இருந்த இழைப்புளி நின்றுவிட்டது. ஆணி இல்லாத மேசை, வெளியே திறக்கும் கதவு, ஓட இடம். இதே மாதிரி அவர் எத்தனையோ அறைகளுக்குச் செய்து கொடுத்திருக்கிறார். எல்லாம் பட்டாசுக்கு மருந்து அடைக்கிற அறைகள். இரும்பு உரசிப் பொறி பறந்துவிடக் கூடாது என்றுதான் அங்கே ஆணி அடிப்பதில்லை.

மதியம் முருகம்மாள் கஞ்சி கொண்டுவந்தாள்.

"ஏலே முருகு, இது தையல் கம்பெனி இல்லை. லைசென்சு இல்லாம வெடி சுத்தப் போறாக."

"சும்மா இருங்கய்யா! வெந்நி கொதிச்சாக்கூட உங்களுக்கு மருந்து வெடிக்கிற சத்தந்தான் கேக்கும்."

"கித்தானுக்கு எதுக்குலே ரெண்டு வாசல்?"

"காத்து வரட்டுமே. அய்யா, நான் ஊரு பூராவும் சொல்லிட்டேன், தையலுக்குப் போறேன்னு. கெடுத்துப்புடாதீக."

சங்கையா கஞ்சியைக் குடித்தார். குடித்து முடித்ததும் கடைசி மேசையின் அடியில் ஓர் இரும்பு ஆணியை அடித்தார். தையல் மேசையென்றால் அந்த ஆணியை யார் தேடப்போகிறார்கள்?

கதவும் பின்வாசலும் முடிந்த அன்று சாயங்காலம் வந்த பஞ்சம்மாள், ஒவ்வொரு மேசையின் அடியிலும் உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனாள். கடைசி மேசையில் கை நின்றது. முகம் வேர்த்துவிட்டது.

"பிடுங்குங்க ஆசாரி."

"தையல் மெஷினே இரும்பு. இந்த ஒரு ஆணி என்ன செஞ்சிரும்?"

"பிடுங்குங்கன்னா பிடுங்குங்க!"

"பிடுங்க மாட்டேன். உள்ளதைச் சொல்லுங்க. இங்கன தைக்கப்போறது கித்தானா, மருந்தா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் வெளியே மாட்டுவண்டிச் சத்தம் கேட்டது. வண்டியில் இருந்து தையல் மெஷின்கள் இறங்கின. பின்னாலேயே கித்தான் சுருள்களும் இறங்கின. கஞ்சிக் கலயத்தை எடுக்க வந்திருந்த முருகம்மாள் அப்பாவைப் பார்த்து, "இப்ப என்ன சொல்றீக?" என்றாள்.

"எல்லாம் அதிகாரி வந்தாக் காட்டுறதுக்கு" என்றார் சங்கையா. ஆனாலும் குரல் கொஞ்சம் இறங்கிப்போயிருந்தது.

சற்று நேரத்தில் ஏழாயிரம்பண்ணை பஸ்சில் வந்த பெண்கள், வேலை பார்க்கப்போகும் இடத்தைப் பார்க்க வாசலுக்கு வந்தார்கள். யாரும் சட்டென்று உள்ளே நுழையவில்லை. செருப்பைக் கழற்றினார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகத் தலையில் இருந்த கொண்டை ஊசியை உருவி ஜன்னலில் வைத்தாள்.

சங்கையா உளிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"பாத்தியாலே? மருந்து ரூமுக்குள்ள போறவ மட்டுந்தான் கொண்டை ஊசியைக் கழத்துவா. உன் ஆத்தாளும் இப்படித்தான் கழத்துவா. வா, போவோம். பட்டினி கிடந்தாலும் கிடப்போம்."

முருகம்மாளின் கண் கலங்கியது. ஆனாலும் கஞ்சிக் கலயத்தை எடுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அந்தப் பெண்களில் ராக்காயி என்று ஒருத்தி முக்காட்டை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். கன்னத்தில் இருந்து கழுத்து வரை தோல் வெந்து சுருங்கியிருந்தது. அடுத்தவளுக்கு இடது கையில் விரல்களே இல்லை. அவர்கள் முதலில் பின்வாசலைப் பார்த்தார்கள். கதவைத் தள்ளி, அது வெளியே திறக்கிறதா என்று பார்த்தார்கள். பிறகு ராக்காயி முதல் மேசையின் அடியில் கையை விட்டுத் தடவ ஆரம்பித்தாள்.

"போன வருசம் தீப்பிடிச்ச ஷெட்டுல உசுரோட மிஞ்சினது இவளுகதான் ஆசாரி. என்னையும் சேத்துத்தான்" என்றாள் பஞ்சம்மாள் மெதுவாக. "இனிமே கித்தான்தான், மருந்தே கிடையாதுன்னு எல்லாருக்கும் தெரியும். கைக்குத்தான் இன்னும் தெரிய மாட்டேங்கு."

முருகம்மாள் கலயத்தைக் கீழே வைத்தாள். தன் கொண்டை ஊசியை உருவி, மற்ற ஊசிகளோடு ஜன்னலில் வைத்தாள்.

ராக்காயியின் கை ஒவ்வொரு மேசையாகக் கடைசி மேசையை நோக்கி வந்துகொண்டிருந்தது. சங்கையா பையில் இருந்த குறடை உருவிக்கொண்டு அவளுக்கு முன்னால் ஓடினார்.

மேசைகளுக்கு நடுவே ஓட நல்ல இடம் இருந்தது.