அரை வாட் ரகசியம்

"அதை இப்படிக் குடுய்யா!"

வாட்ச்மேன் கையிலிருந்த வாக்கி டாக்கியை வெடுக்கென்று பிடுங்கி, தான் புகார் கொடுத்து வரவழைத்திருந்த வயர்லெஸ் இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார் பெரியவர்.

பெரியவர் ஓய்வு பெற்ற சுங்க அதிகாரி. அந்தக் குடியிருப்பின் சங்கத் தலைவர். மனைவி போன பிறகு தனிக்கட்டை; ஒரே மகள் வெளியூரில். முப்பது வருஷம் ஊரார் பெட்டியைக் கிளறிய கண்ணுக்கு எதைப் பார்த்தாலும் கள்ளச் சரக்குதான்.

டியூட்டியில் செல்போன் தொடக் கூடாது என்று வாட்ச்மேன்களுக்கு விதி போட்டவரே அவர்தான். பயல்கள் சொந்தக் காசில் வாக்கி டாக்கி வாங்கிவிட்டார்கள்! முன் கேட்டுக்கு ஒன்று, பின் கேட்டுக்கு ஒன்று. சும்மாவா வாங்குவார்கள்?

"என் காதால கேட்டேன் சார். 'பெரியவர் கிளம்பிட்டாரு, பஸ் ஸ்டாப் பக்கம் போறாரு'ங்கறான். நான் அந்தப் பக்கம் போனதும் வீட்டைக் காலி பண்ணத்தான் திட்டம். லைசென்ஸ் இல்லாத செட்டு, பறிமுதல் பண்ணுங்க. இவனை இன்னைக்கே வேலையை விட்டுத் தூக்கறேன்."

வாட்ச்மேன் தலைகுனிந்து நின்றான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காதா என்று நினைத்துக்கொண்டார் பெரியவர்.

இன்ஸ்பெக்டர் செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சக்தி அரை வாட்டுதான் சார். ஆன்டெனாவையும் கழற்ற முடியாது. இந்த வகைக்கு லைசென்ஸே தேவையில்லை. யார் வேணா வச்சுக்கலாம்."

"செட்டுக்குத் தேவையில்லை, சரி. என்னை வேவு பார்க்கறதுக்கு?"

இன்ஸ்பெக்டர் வாட்ச்மேன் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, இவரை எதுக்குக் கண்காணிக்கறே?"

"சொல்ல மாட்டேன் சார். ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"பார்த்தீங்களா! பின்னாடி பெரிய கூட்டமே இருக்கு!"

அப்போது செட் கரகரத்தது. பின் கேட்டு வாட்ச்மேன் பதறினான்.

"அண்ணே, பெரியவர் அங்க இருக்காரா? இந்தப் பக்கம் ஆளையே காணோம். செவ்வாய்க்கிழமை மாதிரி வீட்டுக்கு வழி தெரியாம எங்கயாவது நின்னுடப் போறாரு!"

பெரியவரின் முகம் வெளிறியது. செவ்வாய்க்கிழமை எங்கே போனோம்? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

"நானா? இதை ஏன்டா முதல்லயே சொல்லலை?"

வாட்ச்மேன் பெரியவர் அருகே வந்தான்.

"'என் பொண்ணுக்குத் தெரிஞ்சா முதியோர் இல்லத்துல தள்ளிடுவா, யார்கிட்டயும் மூச்சு விடாதே'ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதது நீங்கதான் ஐயா!"