இங்கிலீஷ்ல மட்டும் கேக்காதீங்க

"எம் பொண்ணக் கடைசி பெஞ்ச்சுல ஒக்கார வையுங்க மிஸ். இங்கிலீஷ்ல மட்டும் அவள எதுவும் கேக்காதீங்க."

ஏழாம் வகுப்பு வாசலில் நின்று சகாயராணி கேட்டுக்கொண்டாள். திருபுவனையில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் வேலை பார்ப்பவள். மகள் அருள்மொழியைப் பள்ளியில் விடுவதற்காக அரை நாள் லீவு போட்டிருந்தாள். மகள் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

வில்லியனூரைத் தாண்டி இருந்த அந்த அரசு நடுநிலைப் பள்ளி, கோடை விடுமுறை முடிந்து அன்றுதான் திறந்திருந்தது. இப்படிப் பயந்து வருகிற தாய்மார்களை ஆங்கில ஆசிரியை ஜெயசுதா நிறையப் பார்த்திருக்கிறார்.

"இதுக்கு முன்னாடி எங்க படிச்சா?"

"ரெண்டு பிரைவேட் ஸ்கூலு மிஸ். ரெண்டு வருசத்துல இது மூணாவது."

"இங்கிலீஷ்தான் காரணமா?"

"ஆமா மிஸ். அதாலதான் எல்லா ரோதனையும்."

"அங்க சரியா சொல்லித் தரலையா?"

"அவங்க நல்லாதான் சொல்லிக் குடுத்தாங்க. இவதான் சும்மா இல்லாம..." மகளைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள் சகாயராணி. "எந்நேரமும் அவங்கப்பா போனுல எதையாவது கேட்டுக்கினே கெடப்பா."

ஜெயசுதாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சிரித்தார்.

"கவலைய விடுங்க. ஒரே மாசத்துல ஒங்க பொண்ண இங்கிலீஷ் பேச வைக்கிறேன். நீங்க வேலைக்குக் கெளம்புங்க."

சகாயராணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஆசிரியை அருள்மொழியை உள்ளே அழைத்துப்போய் முதல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்.

"இந்த க்ளாஸ்ல யாரும் பயப்படக் கூடாது. நானே தப்பாச் சொன்னாலும் எழுந்து நின்னு சொல்லணும். சரியா?"

அருள்மொழி முதல் முறையாகத் தலை நிமிர்ந்தாள்.

"நெஜமாவா மிஸ்?"

"நெஜமாத்தான்."

பாடம் தொடங்கியது. "மைசெல்ஃப் ஜெயசுதா. ஐ ஆம் கம்மிங் ஃப்ரம் அரியூர்" என்று கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதி, உரக்கப் படித்துக் காட்டினார். ஒவ்வொருவரும் எழுந்து அதே மாதிரி தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும்.

"மைசெல்ஃப் புகழ்வேந்தன்" என்றான் முதல் பையன். வகுப்பு கைதட்டியது. அடுத்து அருள்மொழி எழுந்தாள்.

"மைசெல்ஃப்னு ஆரம்பிக்கக் கூடாது மிஸ். மை நேம் இஸ்னு சொல்லணும். கம்மிங்னு போட்டா, இப்பதான் வந்துக்கினு இருக்கேன்னு ஆயிடும். ஐ ஆம் ஃப்ரம் அரியூர். அவ்ளோதான் மிஸ்."

அவள் அதோடு உட்காரவில்லை. ஏன் அப்படிச் சொல்ல வேண்டும் என்பதை ஆங்கிலத்திலேயே, கொஞ்சமும் தடுமாறாமல் விளக்கினாள். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

பன்னிரண்டு வருடமாக அந்தப் பள்ளியின் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஜெயசுதா அதைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். காது மடலெல்லாம் சூடேற, சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

வராந்தாவில் சகாயராணி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆசிரியையின் முகத்தைப் பார்த்ததும் மெல்ல எழுந்து நின்றாள்.

"நீங்க இன்னும் கெளம்பலையா?"

"கையோட டி.சி.ய வாங்கிக்கினு போயிடலாம்னுதான் மிஸ்."