கறுப்புக் கட்டம்

அந்த ஞாயிறு மதியம் சிங்கப்பூரின் பூன் லே வட்டார வீட்டில் இருந்தவர்கள்: மருமகள் மோகனப்பிரியா. அவள் கணவனின் அக்கா கமலம். இறந்து பதினோரு நாளான மாமியார் மங்களம், மாலை போட்ட படத்தில். கணவன் பாலகிருஷ்ணன் கணக்கில் சேர மாட்டான். கருமாதிச் சாமான் வாங்கத் தேக்கா சந்தைக்குப் போயிருந்தான்.

இவர்கள் போக இன்னும் ஒருவர். அது யாரென்றுதான் தெரியவில்லை.

மங்களத்தின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. பதினாறாம் நாள் வரை அணையக்கூடாது. விளக்குக்கு எதிரே முக்காலியில் மடிக்கணினி. வெளியூர் உறவுகள் சடங்கைப் பார்ப்பதற்காக வீடியோ அழைப்பு போட்டு வைத்தது. எல்லாரும் பார்த்து, அழுது, விலகிவிட்டார்கள். கணினி மட்டும் விளக்கைப் பார்த்தபடி ஓடிக்கொண்டிருந்தது.

திரையில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் விளக்கு மட்டும்; படம் அதில் தெரியவில்லை. மற்றது வெறும் கறுப்பு. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு புள்ளி. மூலையில் ஆள் கணக்கு: 2. காலையில் பார்த்தாலும் இரண்டு. சமைத்துவிட்டு வந்து பார்த்தாலும் இரண்டு.

"ஆஃப் பண்ணிடலாம் அண்ணி. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு," என்று மூன்றாம் நாளே சொன்னாள் மோகனப்பிரியா.

"பதினாறு முடியட்டும்."

"எல்லாரும்தான் போயிட்டாங்களே. யார் பார்க்கிறா?"

"கண்ணுக்குத் தெரியலன்னா ஆள் இல்லன்னு ஆயிடுமா?" என்றாள் கமலம்.

பாலகிருஷ்ணனும் சொல்லிப் பார்த்தான். "கரண்ட் பில் யாரு கட்டுறது அக்கா? சூடாகி லாரி மாதிரி சத்தம் போடுது லா."

"நான் கட்டுறேன். நீ முதல்ல உன் ரூம் ஏர்கானை ஆஃப் பண்ணு."

கமலத்துக்கு இளகிய மனசு என்று யாரும் சொன்னதில்லை. இருபது வருஷத்துக்கு முன் குடும்பத்தை விட்டுப் போன அப்பா ராமலிங்கம், சாவுச் செய்தி கேட்டு சுவா சூ காங்கிலிருந்து வந்திருந்தார். லிஃப்ட் வாசலிலேயே மறித்தாள்.

"ஒரே ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடுறேம்மா."

"கூடாது. போங்க."

கிழவர் அதற்குள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்திருந்தார். அப்படியே இறங்கிப் போனார். உறவு மொத்தமும் பார்த்துக்கொண்டு நின்றது. கல் நெஞ்சுக்காரி என்று அன்றே மனசுக்குள் முடிவுகட்டினாள் மோகனப்பிரியா.

கணினி ஓடும் காரணமும் அவளுக்குச் சீக்கிரமே பிடிபட்டது. கமலத்துக்கு சிராங்கூன் சாலையில் நகைக்கடை வேலை. அங்கிருந்து போன் வரும். "மோகனா, திரி கருகுது. தூண்டி விடு." ஓடிப் போய்ப் பார்த்தால் கருகித்தான் இருக்கும்.

"என்னை வேவு பார்க்கத்தான் உங்கக்கா இதை வெச்சிருக்காங்க," என்றாள் கணவனிடம். "அந்தக் கறுப்புக் கட்டம் அவங்க போன்தான். நான் விளக்கைப் பார்க்கிறேனா, படுத்துத் தூங்குறேனான்னு."

"அக்கா அப்படித்தான்," என்றான் அவன், ஏர்கானைக் கூட்டி வைத்தபடி.

அந்த ஞாயிறு மழை பிடித்துக்கொண்டது. மதியமே வீடு இருட்டிவிட்டது. கமலம் குளிக்கப் போயிருந்தாள். சோபாவில் சாய்ந்த மோகனப்பிரியா கண் அசந்துவிட்டாள்.

டொக். டொக். டொக்.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். எழுந்து போய்த் திறந்தாள். நடைபாதையில் யாருமில்லை. மழைதான்.

டொக். டொக்.

சத்தம் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. வீட்டுக்குள்ளிருந்து.

விளக்குப் பக்கம் போய் நின்றால்தான் திரை தெரியும். போனாள். மாமியார் படம் பிடரிக்குப் பின்னால் இருந்தது. ஒவ்வொரு டொக்குக்கும் கறுப்புக் கட்டத்தின் ஓரம் பச்சையாக மின்னி அடங்கியது.

மேசையைப் பார்த்தாள். அண்ணியின் கைப்பேசி சார்ஜ் தீர்ந்து கிடந்தது. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். அப்படியானால் இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தது அண்ணி இல்லை.

டொக். டொக். டொக். டொக்.

இப்போது அவசரமாக.

அப்புறம்தான் விளக்கைக் கவனித்தாள். எண்ணெய் வற்றி, சுடர் நீலப் பொட்டாகச் சுருங்கியிருந்தது. எண்ணெய் ஊற்றினாள். பாதி தரையில் போயிற்று. சுடர் தயங்கித் தயங்கி எழுந்தது.

தட்டுவது நின்றது. யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள்.

"அத்தை?" என்றாள் மோகனப்பிரியா. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

கணினியை மூடிவிடப் பாய்ந்தாள். ஈரக் கை ஒன்று அவள் மணிக்கட்டைப் பிடித்தது. கமலம், தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட.

"மூடாதே."

"யாரண்ணி அது? சொல்லுங்க. இல்லன்னா பிளக்கைப் பிடுங்கிடுவேன்."

கணினிதான் பேசியது.

"மூடிடட்டும் கமலம்," என்றது, ஆண் குரல், கரகரப்பாக. "எப்பவும் போல உன் போனுக்கு அடிச்சுப் பார்த்தேன், போகல. அதான் தட்டினேன். பொண்ணு பயந்துட்டா. விளக்கு எரியுது, எனக்கு அது போதும்."

ஒரே ஒரு தடவை கேட்ட குரல். லிஃப்ட் வாசலில்.

"நீங்கதானே அவரை விரட்டினீங்க?"

"செத்தாலும் தன் முகத்தை அவர் பார்க்கக் கூடாதுன்னு அம்மா என் கையில சத்தியம் வாங்கிட்டாங்க," என்றாள் கமலம். "விளக்கைப் பார்க்கக் கூடாதுன்னு சொல்லல."

மோகனப்பிரியா திரைப்பக்கம் குனிந்து, "மாமா," என்று கூப்பிடுவதற்குள் கறுப்புக் கட்டம் மறைந்துவிட்டது.

மூலையில் ஆள் கணக்கு: 1.