லினக்ஸ் பக்கம்

"மகன் வர்றதுக்குள்ள சரியாயிருமா, தம்பி?" என்று புஷ்பம் டீச்சர் மறுபடியும் கேட்டார்.

விண்டோஸ், லினக்ஸ் என்று இரண்டு இயங்குதளங்கள் இருந்த கம்ப்யூட்டர் அது. விண்டோஸை யாரோ புதிதாகப் போட்டதில் லினக்ஸைத் திறக்க வழியில்லாமல் போயிருந்தது. மகனுடைய சாமானில் கைவைத்துவிட்டுப் பயப்படுகிறார் என்று, திருத்துவதற்காகக் கலவானையிலிருந்து வந்திருந்த ஆஸிக் நினைத்துக்கொண்டான்.

"பயப்படாதீங்க டீச்சர். உள்ள எல்லாம் அப்படியே இருக்கு. தொடங்குற எடம் மட்டும்தான் அழிஞ்சிருக்கு."

லினக்ஸ் சீடியைப் போட்டு அதைச் சரிசெய்தான். திரையில் இரண்டு பெயர்களும் வந்தன. டீச்சர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இனி மகன் ஏச மாட்டாருதானே?" என்று ஆஸிக் கேட்டான்.

"அவன் ஏன் ஏசுறான்? விண்டோஸ் போட்டதே அவன்தான். லினக்ஸ்ல இருக்கிறது நான் எழுதுற நாவல். அம்மாவோட கதைய அழிச்சிட்டேன்னு நேத்துலேருந்து புள்ள சாப்பிடல."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. டீச்சர் எழுந்து ஓடினார்.

"பிரதாப், கதை பத்திரமா இருக்குடா. வா, சாப்பிடலாம்."