நாற்பத்தாறும் முப்பத்தொன்பதும்

ஐம்பதுக்கு நாற்பத்தாறு வாங்கிய தங்கச்சிக்கு இடம் இல்லை. முப்பத்தொன்பது வாங்கிய தம்பிக்கு இடம் உண்டு. இத்தனைக்கும் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஒரே வகுப்பு, ஒரே டீச்சர், ஒரே கேள்வித்தாள்.

விஷயம் காதில் விழுந்ததும் அக்கா யூனிவர்சிட்டிக்கு மட்டம் போட்டாள். இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு அவர்கள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

ஏழாம் வகுப்பிலேயே ஒன்பதாம் வகுப்புக் கணக்கைச் சொல்லித்தரும் தனி வகுப்பு அது. சாயங்காலம் நடக்கும். பள்ளியில் அதற்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர். இடம் கிடைக்காத பிள்ளைகள் தங்களுக்குத் தாங்களே 'பாசஞ்சர்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

"எனக்கு அந்த எக்ஸ்பிரஸே வேணாம்க்கா," என்றான் தம்பி. "ஃபுட்பால் போயிடும். என் சீட்டை இவளுக்குக் குடுத்துடறேன்."

"வாயை மூடுடா. இவளுக்கு ஒண்ணும் உன் தானதர்மம் தேவையில்லை. இது நியாயம் சம்பந்தப்பட்ட விஷயம்."

"விடுக்கா," என்றாள் தங்கச்சி. "நான் பாசஞ்சர்லயே இருந்துக்கறேன்."

வீட்டில் எல்லாருக்கும் கணக்குப் போட்டுக் காட்டிக்கொண்டே திரிந்தவள், ரிசல்ட் வந்த நாளிலிருந்து கணக்குப் புத்தகத்தைத் தொடவே இல்லை.

"எல்லாத்தையும் விட்டு விட்டுத்தான்டி நாம இந்த லட்சணத்துல இருக்கோம்! கண்ணைத் துடை. நட."

ஆசிரியர் அறையில் கணக்கு டீச்சர் அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தார். அக்கா வந்த வேகத்தைப் பார்த்ததும் மூடிவிட்டார். பக்கத்து மேசையில் அறிவியல் மாஸ்டர் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர் ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை.

"மிஸ், ஒரே ஒரு கேள்வி. நாற்பத்தாறு பெரிசா, முப்பத்தொன்பது பெரிசா? கணக்கு டீச்சர் நீங்க, நீங்களே சொல்லுங்க."

"நாற்பத்தாறுதாம்மா பெரிசு. உட்காரு."

"உட்கார வரலை மிஸ். அப்ப சின்னதுக்கு எப்படி சீட்டு கிடைச்சது?"

"மார்க்கை மட்டும் வச்சு எடுக்கறதில்லம்மா. பிள்ளை தானா யோசிச்சுப் போடுதான்னு வீட்டுலயும் ஒரு வார்த்தை விசாரிப்போம்."

"எங்க வீட்டுல என்ன சொன்னாங்க?"

டீச்சர் தங்கச்சியை ஒரு பார்வை பார்த்தார். "அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"சொல்லுங்க மிஸ்."

"பையனுக்கு மூளை ஜாஸ்தி, படிக்கத்தான் மாட்டான். பொண்ணு பாவம், உருப்போட்டு உருப்போட்டு எப்படியோ மார்க் வாங்கிடுவான்னு..."

அக்கா மேசையில் ஓங்கித் தட்டினாள். டப்பா துள்ளி அடங்கியது.

"பாத்தீங்களா! பையன் மார்க் வாங்கலைன்னா மூளை இருக்கு, ஆனா சோம்பேறி. பொண்ணு மார்க் வாங்கினா மூளை இல்லை, வெறும் உழைப்பு. அப்ப பொண்ணு என்னதான் பண்ணணும் மிஸ்? முட்டை வாங்கினா மூளை இருக்குன்னு ஒத்துக்குவீங்களா?"

"அப்ப நான் இவளைவிட அறிவாளியா?" என்றான் தம்பி, ரொம்ப ஆவலாக.

"ஷூவை எந்தக் கால்ல மாட்டறதுன்னு தினம் இவகிட்ட கேக்கறவன் நீ. பேசாம நில்லு."

செய்தித்தாள் குலுங்கியது.

டீச்சர் டப்பாவை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு, "நீ சொல்றது வாஸ்தவம்மா. யாரோ சொன்னாங்கன்னு நான் தலையாட்டினதும் தப்புதான். திங்கட்கிழமையிலிருந்து இவளும் எக்ஸ்பிரஸ்ல வந்து உட்காரட்டும். போதுமா?" என்றார்.

தங்கச்சி சட்டென்று நிமிர்ந்தாள். "நிஜமாவா மிஸ்?"

அதோடு கிளம்பி வந்திருக்கலாம். ஆனால் ஜெயித்த கையோடு வாயை மூடிக்கொண்டு போவது அக்காவுக்குப் பழக்கமில்லாத காரியம்.

"போதாது மிஸ். அப்படிச் சொன்னது யாரு? எங்க அம்மாதானே? அவங்க தலைமுறையே அப்படித்தான். பையன் தும்மினாக்கூட என்ன அறிவாத் தும்மறான் பாருன்னு சொல்லுவாங்க."

"அம்மா இல்லம்மா."

"அப்ப அப்பா! நினைச்சேன். ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுவார். இன்னைக்கு வீட்டுக்குப் போய் வச்சுக்கறேன் கச்சேரியை."

"அவரும் இல்லை. விட்டுடும்மா. அதான் இடம் கிடைச்சாச்சே." டீச்சர் அவசரமாகத் தங்கச்சியிடம் திரும்பினார். "நீ போய் வெளியில நில்லு கண்ணு. அக்கா இப்ப வந்துடுவாங்க."

"எங்கேயும் போகாதடி!" அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்து மேசைக்கு முன்னால் நிறுத்தினாள். "எந்தப் பிற்போக்கு ஜென்மம் உனக்கு மூளை இல்லைன்னு சொல்லிச்சுன்னு நீயும் தெரிஞ்சுக்க வேணாமா? சொல்லுங்க மிஸ். யார் அது?"

டீச்சர் டப்பாவின் மூடியைத் திறந்தார். மறுபடி மூடினார். அறிவியல் மாஸ்டர் செய்தித்தாளைக் கீழே இறக்கினார்.

பதில் தங்கச்சியிடமிருந்து வந்தது. தலையைக் குனிந்துகொண்டு, மெதுவாகத்தான் சொன்னாள்.

"நீதான்க்கா. போன மாசம் மிஸ் போன் பண்ணப்ப அம்மா குளிச்சிட்டிருந்தாங்க, நீதான் எடுத்துப் பேசினே. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."