தொடாத கை

ஆய்வகத்தில் யார் எதைத் தொட்டாலும் கையுறை பதிந்துகொண்டு, அந்த ஆராய்ச்சியில் அவருக்கும் பங்கு கொடுத்துவிடும். டெக்னீஷியன்களுக்குப் பெயர் கிடைத்தது அப்படித்தான். அடுத்தவர் மேஜையில் கைவைத்தால் சண்டை வந்ததும் அப்படித்தான்.

குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஷாகிதா ஓடியிருந்த நேரத்தில், அவள் இதயச் செல்களை வளர்த்த பெட்டி அலறியது. பக்கத்து மேஜை புஷ்பம் போன் செய்தாள்.

"சூடு ஏறிட்டே போகுதுடி. மூடியத் திறந்து விடவா?"

"தொடாத. ஆஸ்பத்திரியிலேருந்து கிளம்பிட்டேன்."

"நீ வர்றதுக்குள்ள எல்லாம் செத்துடும்."

"போன தடவையும் இப்படித்தான் சும்மா ஒரு கை வச்சே. பாதிப் பங்கு போச்சு."

புஷ்பம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஷாகிதா மூச்சிரைக்க வந்தபோது செல்களின் துடிப்பு நின்றிருந்தது. திரையில் பங்கு மட்டும் குறையாமல் இருந்தது: ஷாகிதா, நூறு சதவீதம்.