முட்டாள் எதிரி

“நாலு ஊரை எரிச்சேன். ஆறாயிரம் பேரைப் பட்டினி போட்டேன். தடுக்க ஒருத்தன் வரலையேடா!”

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர், சித்தார்த் சொன்னதைக் கேட்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றார். பேச்சு கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி என்று அவருக்கு யார் சொல்வது?

‘கோட்டை வளையம்’ என்ற விளையாட்டின் ஆறாம் பாகம் வைகாசியில் வெளிவந்திருந்தது. செஸ் மாதிரி மாறி மாறி ஆட வேண்டும். நம் படைகளுக்கெல்லாம் உத்தரவு போட்டுவிட்டு ஒரு பட்டனை அழுத்தினால், அடுத்தது கம்ப்யூட்டரின் முறை.

இந்த மாதிரி விளையாட்டுகளைக் கிழித்துத் தோரணம் கட்டுவதற்கென்றே சித்தார்த் ஒரு யூடியூப் சேனல் வைத்திருந்தான். ஆறு வருஷ உழைப்பு. இருபத்திரண்டாயிரம் பேர் பார்க்கிறார்கள். அவன் வாயால் நல்ல பேர் வாங்கிய விளையாட்டு இன்னும் பிறக்கவில்லை.

“அஞ்சாம் பாகம் குப்பைன்னா, இது குப்பைத்தொட்டி. எதிரிக்கு மூளையே வைக்கலை. நான் வடக்கே படை அனுப்பினா, அவன் தெற்குக் கோட்டையையும் சேர்த்துக் கொடுத்துட்டு ஓடறான். இவனை ஜெயிக்கவே வெக்கமா இருக்கு.”

எதிரே நின்ற அருள்ராஜ் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்ப்பவன். காலேஜ் நாளிலிருந்து சித்தார்த்துக்கு நண்பன். அந்தப் பாவத்துக்கு இத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

“எனக்கு அப்படித் தெரியலைடா. பத்து ஆட்டத்துல ஒன்பது தோத்துட்டேன். நம்ம படை எங்கே பலவீனமோ அங்கேயே வந்து அடிக்கிறான். இருக்கிற ஆறுல இதுதான் பெஸ்ட்.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொல்வா. நீ அவளுக்கும் மேல. அடி வாங்கிட்டு வந்து கூடம் பிரமாதம்ங்கிறே!”

அருள்ராஜுக்குச் சுருக்கென்றது. “அப்ப லைவ்ல ஆடிக் காட்டேன்.”

“ஞாயித்துக்கிழமை அஞ்சு மணி. நான் தோத்தா சேனலை நீயே வச்சுக்க. பாஸ்வேர்டோட தரேன்.”

வாய்ச் சவடால் டீக்கடையோடு போயிருந்தால் பரவாயில்லை. அன்று சாயங்காலமே அதை வீடியோவாகப் போட்டு, இருபத்திரண்டாயிரம் பேருக்கும் வாக்குக் கொடுத்தான். வெள்ளி, சனி இரண்டு நாளும் ஆட்டத்தைத் தொடாமல், லைவுக்கு விளம்பரம் செய்வதிலேயே ஓட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா மண்டபம் ரோட்டில் இருந்த சித்தார்த் வீட்டுக்கு அருள்ராஜ் வந்தபோது, நாற்காலியில் துணி மலையாகக் குவிந்திருந்தது.

“எங்கேடா பவித்ரா?”

“ஆடி பொறந்துடுச்சே. முந்தாநாள் மாமனார் வந்து லால்குடிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. சித்திரையில கல்யாணம் ஆனவன், ஆடி பூரா ஓட்டல் சாப்பாடு.” சித்தார்த் கம்ப்யூட்டரை முடுக்கினான். “அவ கைராசிக்காரிடா. முதல் நாள் அவ பட்டனை அழுத்தினா, ஜெயிச்சேன். அதுலேர்ந்து ஒவ்வொரு தடவையும் உத்தரவெல்லாம் போட்டுட்டு, அழுத்திடு பவின்னு சொல்லிட்டு டீயோ குளியலோன்னு எழுந்து போயிடுவேன். இன்னிக்கு நானே அழுத்திக்கிறேன். இந்த முட்டாளுக்குக் கைராசி வேற கேடா?”

லைவ் தொடங்கியது. மூவாயிரம் பேர் பார்த்தார்கள். சித்தார்த் சிரித்த முகமாக வடக்கே படையை அனுப்பிப் பட்டனை அழுத்தினான்.

எதிரி தெற்கே வந்தான். காவலுக்கு ஆளில்லாத கோட்டைக்குள் தன் வீடு மாதிரி நுழைந்தான். சித்தார்த் அவசரமாகப் படையைத் தெற்கே திருப்ப, அதற்குள் மேற்கே இரண்டு ஊர் போனது.

“அண்ணே, எதிரிக்கு இப்ப மூளை வச்சுட்டாங்களா?” என்று ஒருவன் கமெண்ட் போட்டான். அதற்கு நானூறு லைக். நாற்பதாவது நிமிஷம் தலைநகரம் விழுந்தது.

“அப்டேட்ல ஏதோ கோளாறு பண்ணிட்டானுங்க!” சித்தார்த் மேஜையில் ஓங்கி அடித்தான்.

“அப்டேட் எதுவும் வரலைடா. காலையிலதான் பார்த்தேன்.”

வாக்குக் கொடுத்தாகிவிட்டது. ஊரே பார்த்துவிட்டது. கேமராவை அணைத்துவிட்டு, ஒரு காகிதத்தில் பாஸ்வேர்டை எழுதி அருள்ராஜிடம் நீட்டினான் சித்தார்த். அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பேசிய பேச்சை நினைத்தால் அதுவும் இல்லை.

போன் அடித்தது. லால்குடியிலிருந்து பவித்ரா.

“லைவ் பார்த்தேங்க.”

“பார்த்தியா பவி? தினமும் போடுற அதே திட்டம்தான். ஒண்ணைக்கூட மாத்தலை. இத்தனை நாள் ஜெயிச்சது இன்னிக்கு எப்படித் தோக்கும்? நீ இங்கே இருந்திருந்தா ஜெயிச்சிருப்பேன், இல்ல?”

அந்தப் பக்கம் அவள் டி.வி. சத்தத்தைக் குறைத்தாள்.

“ஜெயிச்சிருப்பீங்க” என்றாள். “உங்க உத்தரவை மாத்தாம ஒரு நாள்கூட நான் அந்தப் பட்டனை அழுத்தினதில்லைங்க.”